காயம்பட்டவர் இறந்தால் வழக்கும் சாக வேண்டுமா? சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் ஒரு சின்னத் திருத்தம் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். புது வாரியம் வேண்டாம், விசாரணைக் குழு வேண்டாம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 306-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதிலிருந்து சில சொற்களை, தமிழ்நாட்டின் அளவுக்கு மட்டும், எடுத்துவிட வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

நான் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்தும் வக்கீல். 306-ஐப் பற்றி வக்கீல்களுக்கு எழுதினால் சட்ட இதழ் போதும். உங்களுக்கு எழுத வேண்டியிருப்பதால், பிரிவை ஓரமாக வைத்துவிட்டு ஆட்களிடமிருந்து தொடங்குகிறேன்.

ஓர் அண்ணன், ஒரு தம்பி என்று வைத்துக்கொள்வோம். இருவரும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அண்ணன் சைக்கிளில் போகும்போது லாரி இடித்து முதுகுத்தண்டு முறிகிறது. தம்பி இரண்டாவது மாடியில் கம்பி தூக்கும்போது, கட்டடத்தை ஒட்டித் தாழ்வாகப் போகும் 11 கே.வி. மின்கம்பியில் கம்பி உரசி, தூக்கி எறியப்பட்டு விழுகிறார். அவருக்கும் முதுகுத்தண்டுதான். இருவரும் 2023-ல் வழக்குப் போடுகிறார்கள். அண்ணனுடையது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி., அதாவது விபத்து நஷ்டஈட்டு மனு. தம்பியுடையது சப் கோர்ட்டில் ஓ.எஸ்., அதாவது சாதாரண சிவில் வழக்கு. தம்பி கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம் வேறு கட்ட வேண்டும். (2017 வரை அது 7.5 சதவீதம். குறைத்தது இந்தச் சட்டமன்றம்தான், அதற்கு நன்றி.)

வழக்கு நடக்கிறது. பதிலுரைக்கு ஒரு வாய்தா, எழுவினாவுக்கு (எதை முடிவு செய்ய வேண்டும் என்று கோர்ட் வகுக்கும் கேள்விகள்) ஒரு வாய்தா, டாக்டர் சாட்சி வராததால் ஒரு வாய்தா. இரண்டு மூன்று வருடம் கழித்து இருவருமே, ஒரே வாரத்தில் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மாரடைப்பில் இறந்துபோகிறார்கள்.

அண்ணன் மனைவி இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொண்டுவந்து எல்.ஆர். மனு, அதாவது இறந்தவர் இடத்தில் வாரிசைச் சேர்க்கும் மனு, போடுகிறார். வழக்கு தொடர்கிறது. தம்பி மனைவியும் அதே இரண்டு சான்றிதழ்களோடு அதே மாதிரி மனுவைப் போடுகிறார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து 306-ஆம் பிரிவை வாசிக்கிறார்: வாதி காயத்தால் சாகவில்லை, மாரடைப்பில் செத்தார், எனவே வழக்காடும் உரிமையும் அவரோடு போய்விட்டது. வழக்கு அபேட் ஆகிறது, அதாவது அத்தோடு அற்றுப்போகிறது. கட்டிய 3 சதவீதம், விற்ற தாலிக்கொடி, கந்துவட்டிக்கு வாங்கிய ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் பற்றி அந்தப் பெண் கேட்கும் கேள்விக்கு ஒரு வக்கீலிடம் பதில் இருக்காது. இத்தனைக்கும் மின்கம்பி விபத்துகளில் கவனக்குறைவை நிரூபிக்கக்கூட வேண்டியதில்லை, மின்சாரத்தைக் கொண்டுபோகிறவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. பொறுப்பு யாருடையது என்பது தெளிவு. ஆனால் காயம்பட்டவர் உயிரோடு இருக்கும்வரைதான் அந்தத் தெளிவுக்கு மதிப்பு.

இப்போது பிரிவுக்கு வருகிறேன். ஒருவர் இறக்கும்போது அவருக்குச் சாதகமாகவோ எதிராகவோ இருக்கும் வழக்காடும் உரிமைகள் எல்லாம் அவருடைய சட்டப் பிரதிநிதிகளிடம் தொடரும் என்பதுதான் 306-இன் பொது விதி. நல்ல விதி. கடன் வழக்கு, நிலத் தகராறு, ஒப்பந்த வழக்கு எல்லாம் அப்படித்தான் பிள்ளைகள் கைக்கு வருகின்றன. அப்புறம் விதிவிலக்கு வருகிறது: அவதூறு, தாக்குதல், மற்றும் இறப்பை விளைவிக்காத பிற சொந்தக் காயங்கள். பிரிவுக்குக் கீழே எடுத்துக்காட்டு ஒன்றும் இருக்கிறது. ரயில்வே ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் ரயில்கள் மோதுகின்றன; ஒரு பயணிக்குப் பலத்த காயம், ஆனால் உயிர் போகவில்லை; வழக்குப் போடாமலே பிற்பாடு அவர் இறந்துபோகிறார்; வழக்காடும் உரிமை தொடராது. மாணவனாக முதல் தடவை அதைப் படித்தபோது, ரயில்வேயைக் காப்பாற்றவே எழுதிய மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

இது நம் ஊரில் முளைத்த விதி அல்ல. அடிபட்டவன் செத்தால் அவன் வழக்கும் செத்தது என்ற பழைய இங்கிலாந்து விதி, 19-ஆம் நூற்றாண்டுச் சட்டங்கள் வழியாக இங்கே வந்து 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. இங்கிலாந்தில் இதற்கு ஒரு கொடுமையான முன்னோடி உண்டு. 1808-ல், குதிரை வண்டி கவிழ்ந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்த மனைவிக்காகக் கணவர் வழக்குப் போட்டார். மனித உயிர் போனதை சிவில் நீதிமன்றத்தில் ஒரு கேடாகச் சொல்லி முறையிட முடியாது என்றார் நீதிபதி எல்லன்பரோ. அதைச் சரிக்கட்டத்தான் 1846-ல் அங்கே உயிரிழப்பு விபத்துச் சட்டம் வந்தது, 1855-ல் அதன் சாயலில் இங்கேயும் வந்தது. ஆனால் அது விபத்தால் உயிர் போன குடும்பத்துக்கு. காயம்பட்டு, வேறு காரணத்தால் இறந்தவர் அதில் வரமாட்டார். இங்கிலாந்து 1934-ல் ஒரு சட்டம் போட்டு அந்த ஓட்டையையும் பெரும்பாலும் அடைத்துவிட்டது. அவதூறு மாதிரி ஒருசிலதான் வெளியே நின்றன. விதியைக் கொடுத்தவர்கள் கைவிட்டுத் தொண்ணூறு வருடம் ஆகிறது, நாம் இன்னும் வைத்திருக்கிறோம்.

அதைவிட மோசம், அந்தச் சொற்களை நம் நீதிமன்றங்கள் விரித்துப் படித்தன. 1920-களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, இங்கே சொல்லப்படும் காயம் உடம்பில் பட்ட காயம் மட்டுமல்ல, வேண்டுமென்றே பொய் வழக்குப் போட்டு அலைக்கழித்ததும் இதில் அடங்கும் என்று தீர்மானித்தது. உச்ச நீதிமன்றமும் பிற்பாடு அந்தப் பாதையில்தான் போனது.

1986-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அது கேரளத்திலிருந்து போன அவதூறு வழக்கு, ஆனால் பேசப்பட்டது இதே பிரிவுதான். வாதி தோற்று, மேல்முறையீடு செய்து, அது நிலுவையில் இருக்கும்போது இறந்தால் எல்லாம் முடிந்தது. வாதி ஜெயித்து டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கி, எதிரி மேல்முறையீடு செய்து, அப்போது வாதி இறந்தால் வழக்கு தொடரும். ஏனென்றால் டிக்ரி வந்த நிமிடம் அந்த நஷ்டஈடு இறந்தவரின் சொத்தாகிவிட்டது. இதோடு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 22-ஆம் கட்டளையில் உள்ள 6-ஆம் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாதங்கள் முடிந்து தீர்ப்புக்கு ஒதுக்கிய பிறகு வாதி இறந்தால் வழக்கு அபேட் ஆகாது. அதாவது வாதம் முடிந்த நாளுக்கு மறுநாள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் வரும் வாய்ப்பு உண்டு, முந்தின நாள் இறந்தால் ஒன்றும் கிடையாது. காயம் அதே காயம், சாட்சியம் அதே சாட்சியம். படுக்கையில் கிடக்கும் வாதியின் வீட்டுக்கே கோர்ட் நியமித்த அட்வகேட் கமிஷனர் போய், முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் பதிவு செய்து கொண்டுவந்து வைத்த கட்டு கோர்ட்டிலேயே கிடக்கும். படிக்கத்தான் ஆள் இருக்காது.

எதிர்த்தரப்புக்கு இது தெரியும். வாதியின் உடல்நிலை மோசமாகிறது என்று தெரிந்தால் வாய்தா கேட்பதில் ஒரு புது உற்சாகம் வந்துவிடும். எல்லோரும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் இழுத்தால் லாபம் என்று ஒரு சட்டமே சொல்லும்போது, இழுப்பவர்களை மட்டும் திட்டி என்ன பயன்?

மோட்டார் விபத்தில் இந்தச் சிக்கலை நாடு எப்படித் தீர்த்தது என்று பார்த்தால் உங்கள் வேலை சுலபமாகும். பல வருடம் அங்கேயும் இதே கூத்துதான். காயத்துக்குத் தொடர்பில்லாத காரணத்தால் மனுதாரர் இறந்தால் மனு போய்விடும் என்று கர்நாடக உயர் நீதிமன்ற முழு அமர்வு சொன்னது. குஜராத் உயர் நீதிமன்றம், சொத்துக்கு ஏற்பட்ட இழப்பை வாரிசுகள் கேட்கலாம் என்றது. மருத்துவச் செலவு, போன வருமானம் எல்லாம் அந்தச் சொத்திழப்பில் சேரும். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டாவது கருத்தின் பக்கம் நின்றது. அந்த வழக்கின் காலக்கணக்கைப் பாருங்கள்: மனுதாரருக்கு 1999-ல் விபத்து, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே 2015-ல் இறப்பு, இறுதித் தீர்ப்பு 2021-ல். சிகிச்சைச் செலவு, உணவுச் செலவு, உதவியாளர் செலவு, வருமான இழப்பு எல்லாம் வாரிசுகளுக்குத் தொடரும். வலி, வேதனை போன்ற அவருக்கே உரிய இழப்புகள் தொடராது என்று பிரித்தார்கள்.

நாடாளுமன்றம் அதைத் தாண்டியும் போனது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 166-ஆம் பிரிவுக்கு 5-ஆம் உட்பிரிவு சேர்த்தார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. காயம்பட்டவர் இறந்தால், இறப்புக்கும் காயத்துக்கும் தொடர்பு இருக்கிறதோ இல்லையோ, நஷ்டஈடு கேட்கும் உரிமை வாரிசுகளுக்குத் தொடரும் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், புகார்தாரர் யார் என்று சொல்லும் இடத்திலேயே இறந்த நுகர்வோரின் வாரிசையும் சேர்த்திருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது யார்? தம்பி மாதிரி ஆட்கள். அறுந்து விழுந்த மின்கம்பியை மிதித்தவர். மூடி இல்லாத கால்வாயில் விழுந்து இடுப்பு உடைந்த பாட்டி. பட்டாசு ஆலையில் வெந்துபோய், அதன்பின் வேலைக்கே போக முடியாமல், முதலாளிமேல் தனியாக சிவில் வழக்குப் போட்டவர். அடித்துக் கைகால் முடமாக்கப்பட்டவர் கதையும் இதேதான், ஏனென்றால் விதிவிலக்கில் தாக்குதலும் இருக்கிறது. நஷ்டஈடு கேட்டு சிவில் நீதிமன்றத்துக்குப் போன எல்லோருக்கும் 306 அப்படியே நிற்கிறது. இடித்தது லாரி என்றால் வழக்கு பிழைக்கும், விழுந்தது மின்கம்பி என்றால் வழக்கு சாகும். இதற்கு ஒரு நியாயம் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"காயத்தால்தான் இறந்தார் என்று நிரூபித்தால் போயிற்று, அப்போது 306-இன் விதிவிலக்கு வராதே" என்று உங்கள் சட்டத்துறை அதிகாரிகள் சொல்லக்கூடும். சட்டப்படி சரி. நடைமுறையில் என்ன ஆகிறது? முதுகுத்தண்டு முறிந்து படுக்கையில் கிடப்பவர் பெரும்பாலும் அந்தக் காயத்தால் நேரடியாகச் சாவதில்லை. படுக்கைப்புண் வரும், அதில் கிருமி ஏறும், சிறுநீர்த் தொற்று வரும், சிறுநீரகம் கெடும். நான்காம் வருடம் ஒரு ராத்திரி வீட்டிலேயே உயிர் போகும். மறுநாள் அடக்கம். பிரேதப் பரிசோதனைக்கு யார் கொண்டுபோவார்கள்? குடும்பத்தின் கையில் இருக்கும் ஒரே தாள் இறப்புச் சான்றிதழ். அதில் இறப்பின் காரணம் இருக்காது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே காரணத்தைச் சான்றிதழில் காட்டக்கூடாது என்கிறது. வைத்தியம் பார்த்த டாக்டர் இடமாற்றத்தில் எங்கோ போயிருப்பார். இந்த நிலையில், காயம்தான் கொன்றது என்று நிரூபிக்கும் பாரத்தை விதவையின் தலையில் வைக்கிறோம். மோட்டார் வழக்கில் நாடாளுமன்றம் அந்தத் தொடர்பே தேவையில்லை என்று எழுதியதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

நிரூபித்துவிட்டாலும் சிக்கல் தீராது. 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி வழக்குப் போட இரண்டு வருடம்தான். மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டும்தான் பலன். தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் அதில் அடக்கம், உடன்பிறந்தவர்கள் கிடையாது. கல்யாணம் ஆகாத தம்பியை ஐந்து வருடம் குளிப்பாட்டி, திருப்பிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்ட அக்கா அந்தப் பட்டியலில் இல்லை.

எதிர்வாதம் ஒன்று உண்மையிலேயே கனமானது. வலி அவருடையது, அதற்கான பணம் ஏன் பிள்ளைகளுக்கு? இறந்தவருக்கு அந்தப் பணத்தால் ஆறுதல் இல்லை, வாரிசுக்கு அது எதிர்பாராத வரவுதானே என்பார்கள். 2021 தீர்ப்பும் அந்த இடத்தில்தான் கோடு கிழித்தது. என் கருத்து வேறு. வழக்குப் போடப்பட்டு, சீக்கிரம் முடிந்திருந்தால் அந்த வலிக்கான பணம் அவர் கைக்கே வந்திருக்கும், மிச்சம் வைத்துவிட்டு இறந்திருந்தால் பிள்ளைகளுக்கும் போயிருக்கும். நாமே தாமதித்துவிட்டு, தாமதத்தையே காரணம் காட்டி மறுப்பது முறையல்ல. தென்னாப்பிரிக்காவில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்து நோயாளியாகி, சுரங்க நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடர்ந்தபோது, வாதிகள் ஒவ்வொருவராக இறந்துகொண்டே வந்தார்கள். அங்கே இருந்த பழைய விதிப்படி, எழுத்துமூல வாதங்கள் முடிவதற்கு முன் இறந்தவரின் வலிக்கான நஷ்டஈடு வாரிசுக்குப் போகாது. 2016 மே மாதம் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் அந்த விதியை அத்தகைய வழக்குகளுக்காக மாற்றி எழுதியது. மெதுவாகக் கொல்லும் காயங்களில் கடிகாரம் எப்போதும் பிரதிவாதி பக்கம்தான் இருக்கிறது என்பதை அந்த நீதிபதிகள் பார்த்துவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கலாம். காயத்துக்குத் தொடர்பில்லாமல் இறந்தவருக்கு, இறந்த தேதிக்குப் பிறகான வருமான இழப்பைக் கணக்கிடத் தேவையில்லை. மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார் என்றால் மூன்று வருடக் கணக்கு. எதிர்த்தரப்புக்கும் அது நியாயம்.

சரி, இதை ஏன் டெல்லிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்? ஏனென்றால் உங்களாலேயே முடியும். வாரிசுரிமை, நஷ்டஈட்டுக்குரிய தவறுகள், சிவில் நடைமுறை மூன்றுமே அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. 5, 8, 13 என்ற பதிவுகளைப் பார்த்துக்கொள்ளலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டாலும், 254-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால் இங்கே உங்கள் சட்டம்தான் செல்லும். இந்த அவைக்கு இது புதிதும் இல்லை. 1967-ல் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லுபடியாக்க இந்து திருமணச் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்த்தது இந்த மாநிலம். 1989-ல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியதும் இந்த அவைதான். நாடாளுமன்றம் அதே இடத்துக்கு வர 2005 ஆயிற்று. அந்த இரண்டு திருத்தங்களும் எழுப்பிய எதிர்ப்பில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு வராது.

சங்கடம் இருப்பது வேறு இடத்தில், அதை மறைக்க வேண்டாம். இந்த வழக்குகளில் பிரதிவாதி அடிக்கடி அரசே, அல்லது அரசின் மின்வாரியம், உள்ளாட்சி அமைப்பு, பொதுப்பணித்துறை. திருத்தம் வந்தால் கருவூலத்திலிருந்து கொஞ்சம் பணம் போகும். நஷ்டஈடு கொடுக்காததால் அரசுப் பேருந்தை கோர்ட் அமீனா ஜப்தி செய்யும் செய்தியைப் படித்தே பழகிய நமக்கு, அரசு தானாக முன்வந்து தன் கடனை ஒப்புக்கொள்வது விசித்திரமாகத்தான் இருக்கும். நிதித்துறை எதிர்க்குறிப்பு எழுதினால், இத்தனை வருடம் வாதி இறந்ததால் மட்டும் கொடுக்காமல் தப்பிய தொகை எவ்வளவு என்று அவர்களையே கணக்குக் கேளுங்கள்.

மசோதா எப்படி இருக்கலாம் என்று என் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். 306-ஆம் பிரிவு தமிழ்நாட்டுக்குப் பொருந்தும்போது 'தாக்குதல்' என்பதும் 'இறப்பை விளைவிக்காத பிற சொந்தக் காயங்கள்' என்பதும் நீக்கப்பட வேண்டும். அந்த ரயில் எடுத்துக்காட்டும் போக வேண்டும். அவதூறைத் தொட வேண்டாம், அது தனிச் சண்டை, அதைச் சேர்த்தால் இது நின்றுவிடும். இறப்புக்கும் காயத்துக்கும் தொடர்பு இருக்கத் தேவையில்லை என்று 166(5)-இன் வாசகத்தையே எடுத்துப் போடலாம். வருமான இழப்புக்கு நான் மேலே சொன்ன வரம்பைச் சேர்க்கலாம்.

முக்கியமானது, நிலுவையில் உள்ள வழக்குகளுக்கும் மேல்முறையீடுகளுக்கும் இது பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாமல் விட்டால் எந்தத் தேதி விபத்துக்கு எந்தச் சட்டம் என்று இன்னொரு பத்து வருடம் வாதாடுவோம். மோட்டார் திருத்தம் வந்தபின் 2022-க்கு முந்தைய விபத்துகளில் அந்த வாதத்துக்குத்தான் இடம் கிடைத்தது.

கூடவே ஒரு சின்ன வேண்டுகோள். வாதி இறந்தால் 90 நாளுக்குள் எல்.ஆர். மனு போட வேண்டும். தவறினால் வழக்கு தானாக அபேட் ஆகும். அதை நீக்க அடுத்த 60 நாள். அதுவும் தாண்டினால் தாமதத்தை மன்னிக்க ஒன்று, அபேட்மென்ட்டை நீக்க ஒன்று, வாரிசைச் சேர்க்க ஒன்று என மூன்று இடைக்கால மனுக்களை (ஐ.ஏ.) ஒன்றாகப் போட வேண்டும். துக்க வீட்டில் பலருக்குக் கோர்ட்டில் வழக்கு இருப்பதே நினைவிருக்காது. வாரிசுச் சான்றிதழுக்கான ஈ-சேவை விண்ணப்பத்தில், இறந்தவர் பெயரில் ஏதாவது வழக்கு நிலுவையில் உண்டா என்று ஒரு கேள்வியும், உண்டென்றால் 90 நாளுக்குள் வக்கீலைப் பாருங்கள் என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், வருவாய்த் துறை ஒரு சுற்றறிக்கையில் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்